அம்மா என்று கூப்பிடப் பழகிய பொங்கல்

அம்மா மஞ்சள்காமாலையில் போனபோது எனக்கு ஆறு வயது. அப்பா குவைத்தில் இருந்ததால் என்னைப் பாபநாசத்தில் அம்மாவின் அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். மாமா, அத்தை, அம்மாவின் தங்கையான சித்தி என்று மூன்று பேர் அந்த வீட்டில். எனக்குத் தலை பின்னுவதும் கணக்குச் சொல்லிக் கொடுப்பதும் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வதும் சித்திதான்.

நான் நாலாவது படித்த வருஷம், அப்பா பொங்கலுக்கு லீவில் வருவதாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தார். கூட ஒருத்தரை அழைத்து வருவதாகவும் சொன்னாராம். யாரோ உடன் வேலை பார்க்கிறவர் என்று மாமா எடுத்துக்கொண்டார். அவர் மனசில் வேறு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த லீவிலேயே சித்தியை அப்பாவுக்குக் கட்டிவைத்துவிடுவது என்று அவரும் அத்தையும் முடிவு செய்திருந்தார்கள். பிள்ளைக்கும் நல்லது, சொந்தமும் விட்டுப்போகாது என்று தெருவே ஆமோதித்தது. இனிமேல் சித்தியை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அத்தை என்னிடம் சொல்லிவைத்தாள். நான் கிணற்றடியில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். நேரில் கூப்பிட மட்டும் கூச்சமாக இருந்தது. பொங்கலன்று கூப்பிடலாம் என்று வைத்திருந்தேன்.

பொங்கலன்று காலை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. அப்பா இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினார். நாகப்பட்டினத்துக்காரர், குவைத்தில் நர்ஸ், இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று அப்பா நின்றபடியே சொல்லி முடித்தார். உட்கார்ந்து சொல்ல யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எவருக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மாமா வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார், தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். அப்பா காருக்கும் கூடத்துக்கும் நடந்தார். அத்தை நல்ல டம்ளரை எடுத்துவிட்டு, மனசு மாறிப் பழைய டம்ளரில் காப்பி ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாள். நர்ஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தோள்பையை மடியிலிருந்து இறக்காமலே குடித்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். பதில் சொல்லிவிட்டு ஓடினேன். முற்றத்தில் பானை பொங்கி வழிந்தபோது நான்தான் “பொங்கலோ பொங்கல்” என்று ஆரம்பித்தேன். கூடச் சேர ஆளில்லாததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

சாப்பிட இலை போட்டும் மாமா உட்காரவில்லை.

“உங்களை நம்பித்தான் மாப்ள இத்தன நாளா ஒரு பொண்ண வீட்டுல வச்சிருக்கேன். அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

தான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே என்று அப்பா தணிந்த குரலில் சொன்னார். நர்ஸ் எழுந்து, தான் காரில் இருப்பதாகச் சொல்லி வாசலுக்குத் திரும்பினார். அப்போது சித்தி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

“எனக்கு யாரும் பதில் சொல்ல வேணாம்ண்ணே. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கவே இல்லியே.”

பிறகு நர்ஸைப் பார்த்து, “கார்ல எதுக்கு உக்காரணும்? வாங்கக்கா, எலை போட்டிருக்கு” என்றாள்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இந்தத் தடவை தெருமுனையிலிருந்து திரும்பவில்லை.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாய்க்கால் கரைக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் சித்தி தேடிக்கொண்டு வந்தாள். இப்போது விட்டால் எப்போதும் முடியாது என்று தோன்றியது. “அம்மா” என்று கூப்பிட்டேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, கலைந்திருந்த பின்னலை அவிழ்த்துப் பின்னினாள். பின்னி முடித்துவிட்டுச் சொன்னாள்:

“சித்தின்னே கூப்புடுடி. எனக்கு அதுதான் புடிச்சிருக்கு.”

அவளுக்கு நான் வேண்டாமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதமே அப்பாவின் கல்யாணம் நாகப்பட்டினத்தில் நடந்தது. மாமா வரவில்லை. நர்ஸ் குவைத் வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் வீடு பார்த்து என்னை அழைத்துக்கொண்டார். சித்தி கம்ப்யூட்டர் படிக்கக் கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போய்வர ஆரம்பித்து, பின்னால் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஆனால் அந்தப் பொங்கலை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அன்றைய சாயங்காலம்தான். சித்தி அடுப்படித் தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன சர்க்கரைப் பொங்கலைப் பானையோடு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடியில் பிடித்திருந்ததையும் சுரண்டிச் சாப்பிட்டாள். வீடே இழவு வீடு மாதிரிக் கிடக்கும்போது இவளுக்கு எப்படித் தொண்டையில் இறங்குகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்யாணப் பேச்சை எடுத்த மார்கழியிலிருந்து அவள் ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. அது கல்யாணப் பெண்ணுக்கு வரும் வெட்கம் என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.