யாசரின் மத்தியானம்

என் மகன் யாசர் தாராவியில் தோல் பை தைத்து விற்கிறான். கீழே ஒரு அறை, அதில் நானும் அடுப்பும் தண்ணி டிரம்மும். மேலே ஒரு அறை, அதில் அவன் மிஷினும் தோலும். மேலே போக செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. ஏணி முடிகிற இடத்தில் தரையில் சதுரமாக ஓட்டை. மேலே பிள்ளை இருந்தால் அந்த ஓட்டையைப் பலகை போட்டு மூடிவிட வேண்டும், எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கனத்த பலகை, இரண்டு கையும் வேண்டும். யாசருக்கு எப்போதும் ஒரு கைதான் காலி.

இன்னொரு கையில் போன். நான் போனைத் திட்டுகிறவள் இல்லை. ஊரடங்கில் கடையெல்லாம் அடைத்துக் கிடந்தபோது பையைப் படம் பிடித்து அனுப்பித்தான் அவன் எங்களுக்குச் சோறு போட்டான். அவன் வாப்பா கடைசிவரை ஒரு சேட்டுக்குத் தைத்தார். பத்தாவதோடு படிப்பை விட்ட இவன் சூரத்துக்காரனோடு வீடியோவில் பேசித் தனக்கென்று தைக்கிறான். அதில் எனக்குப் பெருமைதான்.

அவன் பெண்டாட்டி ரஷீதாவுக்கு வடாலாவில் ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிற வேலை கிடைத்தது. கல்யாணத்தோடு விட்ட வேலை. திரும்பக் கிடைக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை. சேருவதற்கு முன்னால் யாசரிடம் கேட்டாள்.

"ஹாஃபிஸா பால்வாடி விட்டு வந்ததும் நீங்கதான் பார்த்துக்கணும். மாமிக்கு முட்டி முடியாது, ஏணி ஏற மாட்டாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் போகல."

"என் புள்ளைய நான் பார்க்க மாட்டேனா?"

பார்க்கத்தான் செய்தான், அவன் வழியில். கண் போனில் இருக்கும். நடுநடுவே "ஹாஃபிஸா, இருக்கியாம்மா?" என்று கேட்பான். "இருக்கேன் வாப்பா" என்று அது சொல்லும். இவன் வியாபாரத்தைத் தொடருவான்.

"கண்ணால பாருல," என்பேன் கீழேயிருந்து.

"சத்தம் வருதுல்லா உம்மா. பிறகு என்ன?"

அன்றைக்கு நான் ஏணிக்குக் கீழே அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். மேலே வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தால், ஓட்டை வழியாக இரண்டு சின்னக் கால் தொங்குகிறது. குப்புறப் படுத்துப் பின்பக்கமாக இறங்குகிறது பிள்ளை. ஒரு கால் படியைத் தொட்டுவிட்டது, மற்றது காற்றில் ஆடுகிறது.

கத்தினால் பயந்து கையை விட்டுவிடும். வாயைப் பொத்திக்கொண்டு அரிவாள்மணையைக் காலால் தள்ளினேன். என் போனை எடுத்து யாசர் படத்தை அமுக்கினேன். வேறு ஆளோடு பேசுகிறார் என்று ஒரு பொம்பளை இந்தியில் சொன்னாள்.

மேலே அவன் குரல். "ஹாஃபிஸா, இருக்கியாம்மா?"

ஏணியில் தொங்கிக்கொண்டே அது சொல்கிறது, "இருக்கேன் வாப்பா."

"ஹாங் சேட், பிரவுன் கலர் கல் பேஜ்தா ஹூம்," என்கிறான் அவன். பிரவுன் பையை நாளைக்கு அனுப்புகிறானாம்.

எந்த முட்டியை வைத்து ஏறினேனோ தெரியாது. பிள்ளையின் இடுப்பை வளைத்துப் பிடித்து இழுத்து, அதோடு தரையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஏல யாசரு."

எட்டிப் பார்த்தான். கையில் போன், அதில் சேட்டின் வாய் அசைந்துகொண்டிருந்தது. யாசர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்பத்தான உம்மா கேட்டேன்."

"கேட்ட. பார்த்தியா?"

இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான்.

"ரஷீதாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா வேலைய விட்டுடுவா உம்மா. எவ்வளவு ஆசைப்பட்டுப் போறா."

"விட்டாலும் சரி, போனாலும் சரி. தெரிஞ்சு முடிவு பண்ணட்டும்."

கெஞ்சினான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சாயங்காலம் அவனே சொன்னான். ரஷீதா கத்தவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக் கையும் காலும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் போகல."

"ஒரு நாள் என்கிட்ட விட்டுப் பாரு ரஷீதா. ஹாஃபிஸா வந்ததும் போனை உம்மாகிட்ட கொடுத்துடுறேன். நான் கேட்டாலும் தராதீங்க உம்மா."

அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தர மாட்டேன் என்றால் தர மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். காலையில் அரைமனசாகக் கிளம்பினாள்.

மத்தியானம் போனைச் சத்தம் வராமல் வைத்து என்னிடம் கொடுத்தான். அரிசி டின்னுக்குள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பலகை திறந்தது.

"உம்மா, சூரத் சேட்டுக்கு மட்டும் ஒரு பேச்சு."

"தர மாட்டேன்."

"கோவிச்சுக்கிட்டுப் போயிடுவான் உம்மா."

"போனாப் போறான். மூடுல."

பலகை மூடியது. பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ரஷீதா நிற்கிறாள். வேர்த்து ஊற்றுகிறது, ஆஸ்பத்திரி அட்டை கழுத்தில் திருகிக் கிடக்கிறது.

"எத்தனை தடவை அடிக்கிறது? ஏன் எடுக்கல? உங்க போனும் அணைஞ்சு கிடக்கு. பிள்ளைக்கு என்ன?"

"போன் அரிசி டின்னுல..." நான் சொல்லி முடிக்குமுன் ஏணியில் பாதி ஏறிவிட்டாள். பலகையைக் கையால் இடித்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பலகை நகர்ந்தது. யாசர் குனிந்து பார்த்தான். நெற்றியிலும் இரண்டு கையிலும் தோல் துண்டு, கட்டுப் போட்டது போல மேலே நூல் சுற்றியிருக்கிறது. பின்னாலிருந்து ஹாஃபிஸா அதட்டுகிறாள்.

"வாப்பா, எந்திரிக்கக் கூடாது. நான் டாக்டர்."

ரஷீதா ஏணி உச்சியிலேயே தலையைச் சாய்த்து அழுதாள்.

"இனி நான் அடிச்சா யாராவது எடுக்கணும். உயிர் போயிடுச்சு எனக்கு."

"உம்மா போனுக்குச் சார்ஜ் போட்டு வைக்கிறேன். அதுல அடி. என் போன் டின்னுலயே கிடக்கட்டும்," என்றான் யாசர்.

அவள் இறங்கி வந்து முகம் கழுவினாள். "சொல்லாம ஓடி வந்துட்டேன் மாமி, திட்டப் போறாங்க," என்று சொல்லித் திரும்ப வேலைக்குப் போனாள்.

சூரத் சேட் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டான். யாசர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரஷீதா இன்னும் வேலைக்குப் போகிறாள்.