கொட்டாஞ்சேனைப் பல்கனியின் வளைவு நீளம்

கம்பியூட்டரில் கட்டட வரைபடம் கீறுகிறவர்களுக்கு நேர்கோட்டால் பெரிய தொல்லை வருவதில்லை. வளைகோடு அப்படியல்ல. அதன் நீளம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டுவிட்டால், அன்றைக்கு மதியச் சாப்பாடு ஆறிவிடும். யுத்த காலத்தில், வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையைப் பார்த்திருந்த ஒரு மேல்மாடி ஒபீசில் நானும் நிசாமும் இந்த வேலையைச் செய்தோம். வளைவுக்கு அளவு போட்டு அவதிப்பட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்டால்தான் சொல்லும்

அந்த நாள் மென்பொருள் நேர்கோட்டின் நீளத்தைத் தானே எழுதும். வளைவின் ஆரையையும், அதாவது மையத்திலிருந்து அதற்குள்ள தூரத்தையும், எழுதும். வளைவு வழியே போகும் நீளத்தை மட்டும் எழுதாது. கோட்டைத் தொட்டு விபரம் கேட்க வேண்டும். உடனே திரை கறுப்பாகி வரிவரியாக எழுத்துகள் வரும். அவற்றுள் நீளத்தைத் தேடிப் பிடித்து, திரும்பி வந்து, அளவுக்கோட்டின் மேல் கையால் தட்டி எழுத வேண்டும்.

அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு யன்னலால் ஒருமுறை வெளியே பார்த்தால் போதும். தெகிவளைப் பக்கம் வளைந்து போகிற கரையைக் கண் அளக்கத் தொடங்கிவிடும். அலை ஒவ்வொன்றும் கோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போகும். எந்த அலையில் நிறுத்தி அளப்பது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். பக்கத்து மேசையிலிருந்து நிசாம் சொல்வான்: "மச்சான், கடலுக்கு அளவு போட்டு முடிஞ்சா, இங்க ஒரு பல்கனியும் ஈக்குது."

நாற்காலிக்கு ஒரு கம்பி

அந்தப் பல்கனி கொட்டாஞ்சேனை பிலோமினா அக்காவுடையது. அவருடைய கணவர் சவரி அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் போனதிலிருந்து மாடிப்படி இறங்க முடியவில்லை. கோயில் திருவிழாவில் புனிதரின் சொரூபம் அந்த வீதியால்தான் வரும். பழைய பல்கனி உக்கிப்போனதால், வீதி திரும்புகிற மூலைக்குப் பொருத்தமாக வளைவாகவே ஒன்று கட்டினார்கள். தளம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. இனி அதன் விளிம்பில் இரும்புத் தடுப்புக் கம்பி வளைத்துப் பூட்ட வேண்டும்.

ஒபீசுக்கு வந்த அக்கா குடையை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கம்பி இல்லாம அவரின்ர நாற்காலியை நான் வெளியில விடமாட்டன். ஆனா திருவிழாவுக்கு அவர் அங்க இருக்கத்தான் வேணும்."

சோதனைச் சாவடியில்

முதல் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் எல்லோரையும் இறக்கினார்கள். தமிழ்ப் பெடியன், கையில் பெரிய கடதாசிச் சுருள். ஆமிக்காரர் அதை விரித்து மதகின் மேல் பரப்பினார். நடுவே பெரிய வளைகோடு. துறைமுகமா, வீதியா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. வீட்டுப் பல்கனி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

அவர் விரலால் அந்த வளைவை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு கவனமாகச் சுருட்டித் தந்து, தம்பி என்பதைச் சிங்களத்தில் 'மல்லி' என்று கூப்பிட்டுச் சொன்னார்: "மல்லி, எங்கட வீட்டிலும் இப்படித்தான் வளைச்சுக் கட்டினோம். உடுப்புக் காயப்போட நேராக ஓர் இடமில்லை என்று அம்மா இன்னும் ஏசுகிறா."

மாறாத எண்

நான் வேறு வேலையாக வெளியே போயிருந்த ஒரு நாள் அக்கா தொலைபேசியில் வந்திருக்கிறார். நாற்காலி திரும்ப இடம் போதாது, பல்கனியைக் கொஞ்சம் வெளியே தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார். நிசாம் வளைவின் நடுவைப் பிடித்து இழுத்தான். கோடு புடைத்தது. ஆரையின் எண் தானாக மாறியது, அகலத்தின் எண்ணும் மாறியது. வளைவு நீளம் மட்டும் மாறவில்லை. அது நான் கையால் தட்டிய வெறும் எழுத்து. மற்ற எண்கள் எல்லாம் கண்முன்னே மாறியபோது இதுவும் மாறியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த வரைபடம்தான் கம்பி வளைக்கும் பட்டறைக்குப் போனது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கம்பி வந்தது. வளைவு அச்சொட்டாகப் பொருந்தியது. ஒரு நுனியைச் சுவரில் பூட்டினார்கள். மறு நுனி மற்றச் சுவருக்கு ஓரடி முன்னால் அந்தரத்தில் நின்றது. கம்பி வளைத்த பட்டறை ஆற்றுக்கு அப்பால், பேலியகொடையில். குண்டுப் பயத்தில் ஆற்றுப் பாலத்தை மூடியிருந்தார்கள், எப்போது திறப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அறைக்குள்ளே நாற்காலியில் சவரி அண்ணன் புதுச் சாரம் உடுத்தி இருந்தார். அக்கா அந்த இடைவெளியைப் பார்த்தார்: "அவர் விழுறாரோ இல்லையோ, இதைப் பாத்துப் பாத்தே நான் விழுந்திடுவன்."

ஓரடித் தூண்

நான் நிசாமைக் கூட்டி வந்தேன். அவன் நிலத்தில் குந்தி, இடைவெளியை நெடுநேரம் பார்த்தான். "கம்பி நீளாது. சொவர் கிட்ட வரட்டுமே," என்றான். பக்கத்து வீட்டில் வேலை செய்த மேசன் வந்து, சுவரோடு சேர்த்து ஓரடி அகலத்தில் செங்கல் தூண் எழுப்பி, கம்பியின் நுனியை அதற்குள் வைத்துப் பூசினார். திருவிழாவன்று பின்னேரம் அக்கா தூணை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். பிறகும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அதன் பின்தான் நாற்காலி வெளியே வந்தது.

இருட்டும் நேரம் மெழுகுதிரிகள் வீதி மூலையால் திரும்பின. ஒளி ஒரே வளைகோடாக நீண்டு, நடந்து, எங்களுக்குக் கீழே வந்தது. அதன் நீளத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. சவரி அண்ணன் வழங்குகிற கையைத் தூணின் மேல் வைத்து, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சொரூபம் கடந்து போனதும், எதிர்வீட்டு மாடியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "பிலோமினா, கைவைக்க ஒரு தூண் வைச்சது நல்ல யோசனை! எங்கட பல்கனிக்கும் அதே மாதிரி கீறித் தரச் சொல்லுங்கோ!"

இப்போதைய மென்பொருள்கள் வளைவின் நீளத்தைத் தாமே எழுதி, கோடு நீண்டால் தாமே திருத்தியும் விடுவதால், அந்த வீதியில் மூன்று வீடுகளில் எதற்காக ஓரடித் தூண் நிற்கிறது என்று அவற்றிடம் கேட்டால் பதில் வராது.