மச்சான் ஏணியில் ஒரு பச்சைத் திட்டு

மச்சானின் ஏணியை உடைத்தது கேட்டுக்காரர்தான். அதில் யாருக்கும் சந்தேகமே வேண்டாம்.

தெருவில் பாதி வீட்டு இரும்புக் கேட்டு அவர் பற்றவைத்தது. அதனால் அந்தப் பெயர். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பெயிண்டர். ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் கிளம்பியபோது தன் அலுமினிய ஏணியைத் தங்கை வீட்டுக் கொட்டகையில் சாத்திவிட்டு, "மாப்பிள்ளை, இதை மட்டும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தொடாதே என்று சொன்னபிறகு கை சும்மா இருக்குமா? இரண்டு முக்காலிகளின் மேல் ஏணியைப் படுக்கப்போட்டு, அதன்மேல் ஒரு கேட்டை ஏற்றிவைத்து வேலை பார்த்தார் கேட்டுக்காரர். கேட்டு ஒரு பக்கம் சாய்ந்து இறங்கியது. ஏணியின் பக்கச் சட்டம் நடுப்படிக்குப் பக்கத்தில் பிளந்துகொண்டது.

போன தடவை மச்சானின் டிரில் மிஷினை இரவல் வாங்கிப் புகைய வைத்ததற்கே அவர் மழைக்காலம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. மச்சான் பேசாவிட்டால் கேட்டுக்காரருக்குப் பொழுது ஓடாது. ஊர்வம்பு பேச அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை. புது ஏணி வாங்கி வைத்துவிடலாமே என்பீர்கள். பெயிண்டர் ஏணியில் அவர் அடித்த வீடுகளின் நிறமெல்லாம் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருக்கும். பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் அதுவே போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

"உலோகம்னு ஒண்ணு இருந்தா நான் ஒட்டிடுவேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். அலுமினியமும் உலோகம்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. அவருடைய கரண்ட் வெல்டிங் மிஷின் இரும்புக்குத்தான் ஆகும். கொட்டகை மூலையில் ஒரு பழைய கேஸ் செட் கிடந்தது. துருப்பிடித்த டிரம்மில் கார்பைடு கல்லையும் தண்ணீரையும் போட்டால் கேஸ் வரும் அந்தக் காலத்துச் சரக்கு. குழாயில் சைக்கிள் டியூப் ஒட்டுகள். அதைத் தூசு தட்டி, ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்தார். சமையலறையிலிருந்து ஒரு அலுமினிய மூடியைக் கமுக்கமாகத் தூக்கிவந்து பழக ஆரம்பித்தார்.

இரும்பு மரியாதை தெரிந்தது. உருகுவதற்கு முன் சிவந்து காட்டும். அந்தப் பழக்கத்தில் மூடி சிவக்கட்டும் என்று காத்திருந்தார். மூடி சிவக்கவில்லை. ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி வெள்ளையாகவே இருந்தது. இருந்தாற்போலிருந்து நடுவில் பொத்தல் விழுந்து, மொத்தமும் அவர் செருப்பின்மேல் சொட்டியது. அடுத்த மூடிக்கும் அதே கதி. அதற்கடுத்ததற்கும் அதே.

"என்னங்க, பெரிய சட்டியோட மூடியக் காணோம்" என்றாள் மனைவி.

"பூனை தள்ளிவிட்டிருக்கும்."

"தள்ளிவிட்டா கீழதானே கிடக்கணும். பூனை எடுத்துட்டுப் போய் எதை மூடுது? சரி, அது என்ன நாத்தம்?"

"சாக்கடை."

"நம்ம சாக்கடை எப்பலேர்ந்து கொட்டகைக்குள்ள ஓடுது?" என்றவள், பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

இன்னொரு வெல்டரிடம் போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் கார் ரேடியேட்டர் கடைக்காரரிடம் போய், தன் நண்பர் ஒருவருக்கு அலுமினியம் ஒட்டத் தெரியவில்லை, பாவம் என்றார். கடைக்காரர் அவருடைய செருப்பைப் பார்த்தார். அதில் வெள்ளி வெள்ளியாக அலுமினியம் காய்ந்திருந்தது.

"உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க, ஒட்டற இடத்துல குளிக்கிற சோப்பைத் தேய்க்கச் சொல்லுங்க. சோப்புக் கோடு கறுத்தா நல்லா சூடேறிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் நெருப்பை ஒரே இடத்துல நிறுத்தாம, இந்த டப்பாவுல இருக்கற பவுடரைத் தொட்ட அலுமினியக் கம்பியக் குடுக்கணும். செவப்பைத் தேடினா செருப்புதான் போகும், உங்க நண்பருக்கு."

அன்றிலிருந்து வீட்டில் சோப்பு கரைந்தது. நான்காவது மூடியில் பொத்தல் சிறிதானது. ஐந்தாவதில் கம்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆறாவது ஒட்டியேவிட்டது. கேட்டுக்காரர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, சூடு ஆறவில்லை என்று அப்புறம்தான் உணர்ந்தார். சோப்பு தீர்ந்த அன்று வேலை மேஜைமேல் பிரிக்காத புது சோப்பு ஒன்று இருந்தது. தானே எடுத்துவந்து வைத்து மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். சில ஆண்களுக்கு அவ்வளவுதான் அறிவு.

ஏணிச் சட்டத்துக்குள் ஒரு துண்டுக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் ஒட்டினார். தையல் கோணல்மாணலாக வந்தாலும் பிடித்துக்கொண்டது. அதை மறைக்க, கையில் இருந்த கேட்டுப் பெயிண்டைத் தொட்டு ஒரு பச்சைத் திட்டு அப்பினார். இத்தனை நிறங்களுக்கு நடுவில் இது தெரியவா போகிறது?

மச்சான் வந்தார், ஏணியை எடுத்தார், ஒரு மாடி வீட்டு வேலைக்குக் கிளம்பினார். கேட்டுக்காரரும் ஒட்டிக்கொண்டு போனார். மச்சான் ஏணியைச் சுவரில் சாத்தி முதல் படியில் கால் வைத்தார். கேட்டுக்காரருக்கு இப்போது பேச்சு நின்றுபோகும் என்ற பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அந்த மனுஷன் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் மட்டும்தான் மிச்சம்.

"மச்சான், நீங்க உக்காருங்க. நான் ஏறறேன்."

"நீங்களா? தாராளமா."

மச்சான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பச்சைத் திட்டைக் கடக்கும்போதெல்லாம் கேட்டுக்காரர் மூச்சுவிடவில்லை. கீழிருந்து, "அங்க விட்டுப்போச்சு மாப்பிள்ளை", "ரெண்டாவது கோட்டும் அடிச்சிடுங்க" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் இறங்கி வந்தார். மேலே ஜன்னலோரம் மட்டும் பாக்கி.

மச்சான் ஏணியைத் தடவினார். "இந்த மஞ்சள் வக்கீல் வீடு. இந்த நீலம் பள்ளிக்கூடம். இந்தப் பச்சையை நான் எந்த வீட்டுக்கும் அடிச்சதில்லையே மாப்பிள்ளை."

இனி மறைக்க ஒன்றுமில்லை. கேட்டுக்காரர் கேட்டு சரிந்ததிலிருந்து சோப்பு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"உடைஞ்ச அன்னிக்கே தங்கச்சி போன்ல சொல்லிட்டா. ஆறு மூடி போனதையும் சொன்னா. சோப்பு வாங்கி வெச்சது அவதான்."

"அப்புறம் எதுக்கு மச்சான் என்னை நாளெல்லாம் ஏத்தி எறக்குனீங்க?"

"ஒட்டுனவரை ஏத்திப் பாக்காம வேற யாரை ஏத்திப் பாக்கறது?"

சொல்லிவிட்டு மச்சான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஏறினார். பச்சைத் திட்டுக்குப் பக்கத்துப் படியில் நின்று காலால் இரண்டு தட்டுத் தட்டினார். ஏணி அசையவில்லை. மேலே போய் ஜன்னலோரத்தை நிதானமாக அடிக்க ஆரம்பித்தார். கேட்டுக்காரர் கீழே ஏணியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"விட்டுடுங்க மாப்பிள்ளை, அதான் ஒட்டிடுச்சே" என்றார் மச்சான் மேலிருந்து.

அவர் இறங்கும்வரை கேட்டுக்காரர் கையை எடுக்கவில்லை.