அத்தை வயிற்றுப் பவளம்

டாக்டர் சீட்டில் இருந்த அந்த வார்த்தையின் அர்த்தம் எங்கள் வீட்டில் எனக்குத்தான் சரியாகத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கல்லூரியில் விலங்கியல் படித்த அண்ணனின் புத்தகங்களை அவனைவிட, ஏழாம் வகுப்பில் இருந்த நான்தான் அதிகம் புரட்டியிருப்பேன், படங்களுக்காக.

கல்யாணமாகி ஏழு வருஷமாகப் பிள்ளையில்லாத என் அத்தை, அப்பாவின் தங்கை, அந்தக் கோடையில் உடம்புக்கு முடியாமல் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா திருநெல்வேலி லேடி டாக்டரிடம் கூட்டிப்போய் வந்ததிலிருந்து ஒரே குசுகுசுப்பு. வயிற்றில் சதை வளர்ந்திருக்கிறதாம், ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டுமாம். கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட, அத்தை மாட்டவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்படி நடந்தால் மாமாவுக்கு இன்னொரு பெண் பார்க்க அவர் வீட்டில் தயாராக இருந்தார்கள். அப்பா தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகாமல் இரண்டு நாள் பேசிப் பார்த்தார். தங்கையிடம் கர்ப்பப்பை என்று வாய்விட்டு எப்படிச் சொல்வார்? 'அது', 'அது' என்றே சுற்றிச் சுற்றி வந்தார்.

அலமாரியில் கிடந்த டாக்டர் சீட்டை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாலிப். அண்ணன் புத்தகத்தில் பார்த்த அதே பெயர். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அத்தே, இது வெறும் சதையில்ல. பாலிப். கடலுக்குள்ள இருக்க உசுரு. இது கூடி வீடு கட்டுனாதான் பவளம். ஒங்க வயித்துல பவளம் வளருது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டும் காம்பு வைத்து ஒட்டிக்கொண்டு வளர்வதால் ஒரே பெயர், மற்றபடி டாக்டர் சொல்வது வேறு, இது வேறு என்று விளக்கினான். நான் நம்பவில்லை. பெயர் ஒன்று என்றால் ஆளும் ஒன்றுதானே. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. படத்தில் பாறையோடு ஒட்டியிருந்ததை விரலால் தொட்டாள்.

"ஏட்டி, இத மட்டும் தனியா எடுக்க முடியுமா? அடியில உள்ளதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணும் ஆவாது. பவளம் எடுக்கவிய பாறையையா பேத்துட்டு வாராவ?" என்றேன், தினமும் கடலில் மூழ்கி எழுந்தவள் மாதிரி.

அத்தை புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவிடம், "நாளைக்கு டாக்டர்ட்ட ஒருக்கா போவோம் மதினி. இவளும் வரட்டும்" என்றாள்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம், மடியில் புத்தகம். விஷயம் தெரிந்த ஆளுக்குத் தருகிற மரியாதை அது என்று நினைத்துக்கொண்டேன். அத்தை டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்து அழுத்தி, "நீ கேளுட்டி" என்றாள்.

"பாலிப்ப மட்டுந்தான எடுப்பீங்க? கர்ப்பப்பைய எடுக்க மாட்டீங்கல்லா?" சத்தமாகவே கேட்டேன். அதில் கூச்சப்பட என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதை மட்டும்தான்மா. வேற எதையும் தொட மாட்டேன்."

அத்தை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்ப வரணும்மா?" என்று கேட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டது நான். அந்த டாக்டர் என் பக்கம் திரும்பாமல், அத்தை முகத்தைப் பார்த்தே ஏன் பதில் சொன்னார் என்று எனக்கு விளங்கவே இல்லை.