கயிற்றுக்கும் வார்டுக்கும் நடுவில்

எங்கள் பக்கத்தில் குடியை விடக் கயிறு கட்டுவார்கள். பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டால் அதன்பிறகு ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது. தொட்டால் சாமிக்குத்தம். போன மாசியில் அம்மா அப்பாவுக்குக் கட்ட வைத்தாள். மறுநாளும் அப்பா ஜீப்பேறி மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போனார். மூன்றாம் நாள் பாதி வேலையில் கீழே கொண்டுவந்து போட்டார்கள். கைகால் நடுக்கம். இல்லாத எறும்புகளை வேட்டியிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் வலிப்பு.

"சாமி சோதிக்குது ஆத்தா, பயப்படாத" என்று பூசாரி திருநீறு பூசினார். நான் ஆட்டோ பிடித்து அப்பாவைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரி என்றால் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

டாக்டரம்மா ஊசி போட்டார். "இத்தன வருசம் குடிச்சவரு ஒரே நாள்ல நிறுத்தினா இப்படித்தான் தம்பி. உயிரே போயிரும். உள்ள வச்சு மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்."

"அப்ப உள்ள வைங்க மேடம்."

"அதுக்குத் தனி வார்டு வேணும். இங்க இல்லையே."

வார்டு இருக்கிற ஊர் தூரம். கூடவே ஒருவர் தங்க வேண்டும். அம்மாவும் மலைக்குப் போனால்தான் எங்கள் அடுப்பு எரியும். அப்பா வீட்டுக்கு வந்து கயிற்றை அறுத்தார். குடித்தார். நடுக்கம் நின்றுவிட்டது.

கிராம சபையில் எழுந்து பேசினேன். குடிநோய்க்குப் போடியிலேயே வார்டு வேண்டும், செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும், பள்ளிக்கூடத்திலும் ஜீப்பு ஏறுகிற இடத்திலும் வந்து எடுத்துச்சொல்ல ஆள் போட வேண்டும் என்று.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏ மாப்ளே, பிராந்திக்கடையும் கவருமெண்டு, வார்டும் கவருமெண்டா? அப்படியே சுடுகாட்டுக்கும் ஒரு டோக்கன் கவுண்டரு கேளு!"

கூட்டம் சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்தது. கடையை மூடு என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? மூடினால், மூன்றாம் நாள் நடுங்குகிறவர்கள் எங்கே போவார்கள்? தெரியவில்லை. நான் கேட்டதைத் தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். "அப்பன் மானத்த மைக்குல வித்துட்டு வந்திருக்க. இனி உன் தங்கச்சிய எவன்டா கேட்டு வருவான்?"

அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு, "வார்டு எப்ப வரும் அப்பு?" என்றார்.

"தெரியலப்பா."

"அப்பக் கயிறே கட்டிக்கிறேன்."

வருகிற அமாவாசைக்குப் பூசாரியிடம் சொல்லிவைத்தாயிற்று. குடிக்காதே என்று எத்தனை வருடம் அவரிடம் கெஞ்சியிருக்கிறேன். இப்போது, வார்டு வரும்வரை குடிங்கப்பா என்று என் வாயால் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது?

காலையில் பூசாரியிடமே போய், "இப்பக் கட்டாதீங்க சாமி" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடிய விடுறவனத் தடுக்கிற மகன இன்னைக்குத்தான்டா பாக்குறேன்."

நானும்தான். தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்க ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். இன்று செவ்வாய். அமாவாசை வெள்ளிக்கிழமை.