சிவப்பு உறையும் கம்கட்டுக் கட்டியும்

1. தொங்கிய மேசை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த ரோலிங் மில்லில், ஒருநாள் காலை பத்தரை மணிக்கு, மானேஜருடைய மேசை இருபது அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கச் சொன்னவன் நான். இறக்கச் சொல்ல முடியாமல் நின்றவனும் நான்தான். கோளாறு கிரேனில் இல்லை, என் கம்கட்டில் இருந்தது. அக்குள் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் எங்கள் பழவேற்காட்டுப் பக்கம் அதற்குக் கம்கட்டு என்றுதான் பேர். அங்கே வந்த ஒரு கட்டி என்னைப் படுத்திய பாட்டைப் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டில் எல்லோரும் ஏரியில் வலை போட்டவர்கள். நான் ஒருவன் மட்டும் தப்பி, பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து பாசஞ்சர் ரயிலில் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு சிக்னல்மேன் வேலை. மேலே கேபினில் உட்கார்ந்திருக்கும் கிரேன் ஆப்பரேட்டருக்குக் கீழேயிருந்து கை காட்ட வேண்டும். மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. அதனால் எல்லாம் கைதான். கையை மேலே தூக்கி விரலைச் சுற்றினால் ‘தூக்கு’. கையைக் கீழே விட்டு விரலைச் சுற்றினால் ‘இறக்கு’. கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினால் ‘நிறுத்து’. மொத்தப் படிப்பும் இவ்வளவுதான்.

இதில் எங்கள் மில்லுக்கென்று ஒரு தனி வழக்கம் இருந்தது. சிக்னல்மேனின் வலது கைக்கு மட்டும் சிவப்புத் துணி உறை. ஒரு தடவை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கை காட்டி, ஒரு கட்டுக் கம்பி மானேஜருடைய ஸ்கூட்டர் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாளே மானேஜர் கையெழுத்தோடு நோட்டீஸ் ஒட்டினார்கள். சிவப்பு உறை போட்ட கையைத் தவிர வேறு யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கிரேன் அசையக் கூடாது. இந்த ‘நானே சொன்னாலும்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எலுமிச்சங்காய்

டெம்பரரி ஆட்கள் எட்டு மாதம் ஒருநாள்கூட விடாமல் வேலைக்கு வந்தால் பெர்மனென்ட் ஆக்குவார்கள். நடுவில் ஒருநாள் விட்டாலும் ‘பிரேக்’ என்று எழுதி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு இரண்டு தடவை பிரேக் விழுந்திருந்தது. முதல் தடவை புயலில் பஸ் ஓடவில்லை. இரண்டாவது தடவை என் கல்யாணம். தாலி கட்டும் நேரத்திலும் ‘போச்சே ஏழு மாசம்’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை என் மனைவி தேசம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

மூன்றாவது தடவை, எட்டு மாதம் முடிய நான்கு நாள் பாக்கி இருக்கும்போது, வலது கம்கட்டில் மிளகு போல ஏதோ தட்டுப்பட்டது. சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அது சுண்டைக்காய் ஆயிற்று. அதற்கு மறுநாள் எலுமிச்சங்காய். கையைத் தொங்கவிட்டால் உயிர் போகும். தூக்கிக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை. அதனால் போகிற இடமெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டே போனேன். ஏரிக்கரையில் நடந்தால் தோணியில் இருந்தவர்கள் பதிலுக்குக் கை காட்டினார்கள். நிற்காமல் போகிற பஸ்கூட நின்றது.

தேசம்மா தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். பார் சோப்பையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பத்துப் போட்டாள். கட்டி அசையவில்லை, சுற்றியிருந்த தோல்தான் வெந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் துணியை விலக்கிப் பார்த்தவள் பயந்தே போனாள்.

“இன்னாய்யா இது, உள்ள இன்னொரு மூஞ்சி மொளைக்கிறா மாதிரி கீது. இன்னிக்கு ஒருநாள் ஊட்ல படு. உசுரு முக்கியமா, வேலை முக்கியமா?”

“ரெண்டும் முக்கியம்தான். ஆனா உசுருக்கு பிரேக் எழுத மாட்டாங்க, வேலைக்கு எழுதுவாங்க” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பேச்சு என்னவோ வீராப்பாகத்தான் இருந்தது. பொன்னேரி பிளாட்பாரத்தில் ஒரு மீன்கூடை கம்கட்டில் இடித்தபோது நான் போட்ட சத்தத்தில் வீராப்பெல்லாம் போய்விட்டது.

மில்லில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காம்பவுண்டரிடம் அனுப்புவார்கள், அவர் ‘அன்ஃபிட்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவார், அன்றைய நாள் போகும். ஆப்பரேட்டர் சுப்பையா அண்ணனிடமாவது சொல்லலாம் என்று போனேன். அவர் ஆரம்பாக்கத்துக்காரர், நல்ல மனுஷன். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து ஏணியேறி கேபினில் உட்கார்ந்துவிடுவார். டீ குடிக்கக்கூட இறங்குவதில்லை. கயிற்றில் டப்பா கட்டிக் கீழே விடுவார், டீயை அதில் ஊற்றி அனுப்புவோம். வீட்டில் ஏதோ பேஜாரு போலிருக்கிறது என்று நானும் தொந்தரவு செய்யவில்லை.

3. முறுக்கு மழை

அன்றைக்குப் பார்த்து மானேஜர் தன் ஆபீஸை மாற்றினார். ஷெட்டுக்குள்ளேயே பன்னிரண்டு அடி உயரத்தில் மேடை போட்டு அறை கட்டியிருந்தார்கள். அங்கிருந்து மொத்த மில்லையும் பார்க்கலாம். மாடிப்படி குறுகல் என்பதால் மேசையை கிரேனில் ஏற்றி, மேடையின் திறந்த பக்கம் வழியாக உள்ளே வைப்பது என்று முடிவாயிற்று. டிராயரைக் காலி செய்யட்டுமா என்று கேட்டதற்கு, “சும்மா அஞ்சு நிமிஷ வேலைப்பா, அப்படியே தூக்குங்க” என்றார். பக்கத்திலேயே நின்றும்கொண்டார். சாயங்காலம் என் பெர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடப்போகிற மனுஷன் அவர். அது டைப் ஆகி அந்த டிராயரில்தான் இருக்கிறது என்று கிளார்க் காலையிலேயே காதில் போட்டிருந்தார்.

சிவப்பு உறையை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கி விரலைச் சுற்றினேன். மேசை எழும்பியது. நாலு அடி, எட்டு அடி, பன்னிரண்டு அடி. இங்கே கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். நீட்டப் போனேன். கட்டிக்குள் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியது போல இருந்தது. கை தானாகவே திரும்ப மேலே போய் நின்றுகொண்டது. வலியில் விரல் வேறு வெடவெடவென்று நடுங்கியது. மேலேயிருந்து பார்த்த சுப்பையா அண்ணனுக்கு அது வேகமாகச் சுற்றுவதாகத் தெரிந்திருக்கிறது. இன்னும் வேகமாகத் தூக்கினார்.

பதினைந்து அடியில் மேசை ஒரு பக்கம் சாய்ந்து, டிராயர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஃபைல் விழுந்தது. ரப்பர் ஸ்டாம்ப் விழுந்தது. பிறகு ஒரு தகர டப்பா திறந்துகொண்டு முறுக்கு மழையாகப் பொழிந்தது. பல் வலி, கஞ்சி தவிர எதுவும் சாப்பிடுவதில்லை என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் எங்கள் மானேஜர். அந்த நேரத்திலும் இரண்டு பேர் குனிந்து முறுக்குப் பொறுக்கினார்கள். கடைசியாக ஒரு வெள்ளைத் தாள் ஆடி ஆடி இறங்கி, ஒருவருடைய பூட்ஸுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

மேசைக்கு மேலே கூரைக் கர்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. கையை இறக்க முடியாவிட்டால் ஆளாவது இறங்கலாம் என்று குந்தினேன். குந்தினாலும் கை மேலேதானே நிற்கிறது. மேசை இன்னும் போயிற்று. அப்புறம்தான் தோன்றியது. அப்படியே இடது பக்கமாகத் தரையில் சாய்ந்து படுத்தேன். நான் படுத்ததும் தூக்கிய கை தரைக்கு இணையாக, நேராக நீண்டது. நேராக நீட்டிய கை என்றால் ‘நிறுத்து’. கிரேன் சட்டென்று நின்றது.

உறையைக் கழற்றி எறிந்திருந்தால் அவர் அப்போதே நிறுத்தியிருப்பாரே என்று கேட்பீர்கள். அந்த வலியில் அந்தப் புத்தி வந்திருந்தால் நான் சிக்னல்மேனாக இருந்திருக்க மாட்டேன், மானேஜராகவே ஆகியிருப்பேன்.

4. தலைகீழ் சிக்னல்

மானேஜர் ஓடி வந்தார். நான் படுத்தபடியே அவர் காதில் விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அவர் மேலே பார்த்து, இறக்கு இறக்கு என்று இரண்டு கையாலும் காட்டினார். சுப்பையா அண்ணன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். ஓர் ஆள் ஏணியேறிப் போய்ச் சொல்லிவிட்டு, அவர் சொன்ன பதிலோடு திரும்பி வந்தான்.

“செவப்பு கை சொன்னாதான் எறக்குவாராம் சார். நோட்டீஸ்ல நீங்களே அப்டித்தான் எழ்திக்கீறீங்களாம்.”

கீழே இறங்கி வந்து பேசச் சொல்லு என்று மறுபடி ஆள் போயிற்று. அதற்கும் முடியாது என்று பதில் வந்தது. மானேஜர் தன் நோட்டீஸைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தார். படுத்திருந்த என்னைப் பார்த்தார். தொங்குகிற மேசையைப் பார்த்தார். படித்த மூளை அல்லவா, கணக்குப் போட்டுவிட்டது.

“இவனைத் தலைகீழாப் பிடிங்கப்பா” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு பயம். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்தார்கள், ஒருவர் இடது காலைப் பிடித்தார். வலது கால் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. மானேஜரே வந்து அதைப் பிடித்துக்கொண்டார். வேலைக்காக அவர் காலில் விழவும் தயாராக இருந்தவன் நான். இப்போது அவர் கையில் என் கால். தலைகீழாக நின்றபோது என் வலது கை தரையைப் பார்த்தது. விரலைச் சுற்றினேன். ‘இறக்கு.’

மேசை ஒழுங்காக இறங்கியது. தலைகீழாகப் பார்க்கும்போது அது மேலே ஏறுவது போலத்தான் இருந்தது. தலையில் ரத்தம் ஏறி எனக்கே மயக்கமும் சிரிப்புமாக வந்தது. சிரித்ததில் உடம்பு குலுங்கியது, குலுங்கியதில் கட்டி உடைந்தது. சூடாக ஏதோ தோள் வழியாக வழிந்தது. நாலு நாள் வலி ஒரே நொடியில் விட்டுப்போயிற்று. மேசையின் கால்கள் தரையைத் தொட்ட அதே நேரத்தில் கை தானாகவே விறைப்பாகப் பக்கவாட்டில் நீண்டது. முப்பது வருடப் பணியில் அதைவிட நேர்த்தியாக நான் ‘நிறுத்து’ காட்டியதில்லை.

5. ஏணி

காம்பவுண்டர் பக்தவச்சலம் கழுவி, சிவப்பு மருந்து வைத்துக் கட்டினார். திட்டிக்கொண்டேதான் கட்டினார். முதல் நாளே வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருந்தால் தானாகவே பழுத்து உடைந்திருக்குமாம். சுண்ணாம்பு வைத்துத் தோலை வேக வைத்ததுதான் மிச்சமாம். வேலை முடியும்வரை அன்ஃபிட் எழுத வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். “முதலுதவிக்கு வந்துட்டுத் திரும்பப் போனா அது பிரேக் இல்லய்யா. யார் சொன்னது உனக்கு?” என்றார். யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டு நாலு நாள் செத்துப் பிழைத்திருக்கிறேன். அங்கேயே முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஷிஃப்ட் முடிந்தது. சுப்பையா அண்ணன் இறங்கவில்லை. மானேஜர் கோபமாக இருப்பார் என்று பயப்படுகிறாரோ என்று நினைத்து, கட்டுப் போட்ட கையோடு ஏணிக்கடியில் போய் நின்றேன். எல்லோரும் போன பிறகு மெதுவாகக் குரல் கொடுத்தார்.

“நைனா, காம்பவுண்டரு கீறாரா போய்ட்டாரா?”

“கீறாரு. ஏண்ணே?”

“எனக்கும் ஒண்ணு கீது. தொடை இடுக்குல. உன்னிது எலுமிச்சங்கான்னா என்னிது நார்த்தங்கா. மானேஜரு கூப்டப்போ எறங்கிடலாம்னுதான் பாத்தேன். காலை எட்த்து ஏணில வெச்சாதானே. ரூலு அது இதுன்னு சும்மா கதை உட்டேன்.”

ஒரு வாரமாக டீ டப்பா கயிற்றில் இறங்கியதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. கீழே ஒரு கட்டி, மேலே ஒரு கட்டி. நடுவில் மானேஜர் மேசை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்து, சிரித்தால் வலிக்கிறது என்று மேலேயிருந்தே திட்டினார். ஒவ்வொரு படியாக, நண்டு மாதிரி பக்கவாட்டில் கால் வைத்து, அவர் இறங்கிச் சேர அரை மணி நேரம் ஆயிற்று.

“காலைல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒறைய எடது கைல மாட்டிக்கடான்னு சொல்லியிருப்பேனே நைனா” என்றார்.

“நீங்க சொல்லியிருந்தா நான் உங்களுக்கு டீயாவது ஏணியேறிக் கொண்டாந்து குட்த்திருப்பேனே” என்றேன்.

இருவரும் காம்பவுண்டரிடம் போகும்போது மானேஜர் எதிரில் வந்தார். அந்தத் தாளைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். தாளில் பூட்ஸ் அச்சு அப்படியே இருந்தது. என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் வலது கையை நீட்டியதும், “அந்தக் கை வேண்டாம்பா சாமி” என்று பேனாவை இடது கையில் கொடுத்தார். மறுநாள் நோட்டீஸில் ‘நானே சொன்னாலும்’ என்பதை அடித்துவிட்டு, நிறுத்தச் சொல்லி யார் கை காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நான் ஓய்வு பெற்ற நாளில், ஆபீஸில் ஒரு புதுப் பெண் என் பழைய காகிதங்களைச் சரிபார்த்தாள். “பூட்ஸ் அச்சு இருக்குது, கையெழுத்து கோணல்மாணலா இருக்குது. இது நீங்க போட்டதுதானா சார்?” என்று கேட்டாள். சாட்சிக்கு சுப்பையா அண்ணனும் இல்லை, மானேஜரும் இல்லை. சட்டைப் பட்டனைக் கழற்றி, கையைத் தூக்கி, கம்கட்டில் இருந்த தழும்பைக் காட்டினேன். அவள் பதறிப்போய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். பிறகு முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பிள்ளைகளே, வலி எந்த இடத்தில் வந்தாலும் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமான இடம் என்றால் முதலில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால் தலைகீழாக நின்றேன். சொல்லியிருந்தால், மேலே இருந்தவரும் அன்றைக்கே சொல்லியிருப்பார்.