வண்டிக்கு அடியில் வெள்ளச்சி அக்கா

கண்களை மூடிக்கொண்டு கடைத் தரையில் மல்லாந்து கிடக்கிறார் வெள்ளச்சி அக்கா. தலைக்கு அடியில் கோணிப்பை. வலது கை மேலே நீண்டு, கம்பிச் சுருள்கள் அடுக்கிய பெஞ்சின் அடிச்சட்டத்துக்குப் பின்னால் வளைந்துபோய், அங்கே இல்லாத ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருக்கிறது. ஆணி வாங்க வந்த ஒருவர், மயக்கம் போலிருக்கிறது என்று சோடாவுக்கு ஓடப் பார்த்தார். கல்லாவில் இருந்த என் மாமா தீனதயாளன் தலையைத் தூக்காமலே, அவங்க ஸ்பேனர் பாக்கறாங்க, நீங்க இப்படிச் சுத்தி வாங்க என்றார்.

எங்கள் டூல்ஸ் கடை கள்ளக்குறிச்சியில், கச்சிராயப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது. வருகிறவர்கள் நின்றபடியே வாங்குவார்கள். கையில் தூக்கிப் பார்த்து, கனம் சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, இருப்பதில் பளபளப்பானதை எடுத்துக்கொண்டு போவார்கள். படுத்துப் பார்த்து வாங்குகிறவர் அக்கா ஒருவர்தான். "நின்னுக்கினு திருப்பறதுக்கு வண்டி இன்னா மரத்துலயா தொங்குது?" என்பார்.

வெள்ளிமலையில் அவர்களுடைய ஜீப் ஓடுகிறது. ஓட்டுகிறவர் அவர் கணவர் மாயவன். தொப்பையும் சிரிப்புமான மனிதர். ஜீப்புக்கு அடியில் நுழைந்தால் பாதியில் நின்றுவிடுவார். கியர் பாக்ஸுக்கு ஆயில் ஊற்றுகிற நட்டு அதன் பக்கவாட்டில், குறுக்குச் சட்டத்துக்கு மேலே ஒளிந்திருக்கிறது. அந்தச் சந்துக்குள் அக்காவின் ஒல்லியான கை போகும், பார்வை போகாது. கடையிலும் அவர் கண்களை மூடிக்கொள்வது அதனால்தான். "வண்டிக்கு மேல அவரு, கீழ நானு. மேல குந்திக்கினு இருக்கறவருக்குத்தான் ஓனர்னு பேரு."

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் மடியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து உள்ளங்கை இரண்டிலும் எண்ணெய் தடவிக்கொள்வார். காய்ந்த கையில் எல்லா ஸ்பேனரும் நல்ல ஸ்பேனர்தான் என்பது அவர் கட்சி. குரோம் பூச்சு மின்னுகிறவை அந்தக் கையிலிருந்து மீன்போல நழுவும். சிரித்துக்கொண்டே அவற்றை ஒதுக்கி வைப்பார். கியர் பாக்ஸுக்கு ஆயில் ஏற்றுகிற கைப்பம்பு வாங்கும்போது அதன் ரப்பர் குழாயை முடிச்சுப் போட்டுக் கல்லா மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து அவிழ்க்கும்போது மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்தக் குழாய் வேண்டாம். பம்பைக் கழற்றி உள்ளே இருப்பது தோல் வாஷரா, பிளாஸ்டிக்கா என்று பார்ப்பார். தோல் என்றால் பழைய செருப்பில் வெட்டிப் போட்டுக்கொள்ளலாமாம். "மலைல கெடைக்காத சாமான் உள்ள இருந்துச்சின்னா, அது அழகா இருந்து இன்னா பண்றது தம்பி?"

ஆயில் ஊற்றுகிற மேல் நட்டு திறக்கிறதா என்று பார்க்காமல், ஆயிலை வடிக்கிற கீழ் நட்டில் கை வைக்கக் கூடாது என்று அவரிடம் ஒரு சட்டம் உண்டு. சட்டம் பிறந்த கதையை மாயவனே ஒருமுறை எங்கள் கடை வாசலில் நின்று சொன்னார். அக்கா இல்லாத நேரத்தில் பையன் ஒருவனை வண்டிக்கு அடியில் விட்டு, கீழ் நட்டைத் திறந்து பழைய ஆயிலை மண்ணில் விட்டுவிட்டார். புது ஆயில் ஊற்ற மேல் நட்டைத் திறக்கப் போனால் மட்டமான ஸ்பேனர் வழுக்கி, நட்டின் மூலைகளை மழித்துவிட்டது. மலைக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அப்போது அவருக்குத் தோன்றியிருக்கிறது. கச்சிராயப்பாளையம் மெக்கானிக் வரைக்கும் இறக்கம்தானே, நியூட்ரலில் விட்டால் கியரே வேண்டாம், கியர் வேண்டாம் என்றால் ஆயில் எதற்கு? வழியில் அறுப்பு முடித்துக் கொல்லையிலிருந்து வந்த அக்காவையும் சாமை மூட்டையையும் ஏற்றிக்கொண்டார். சில வளைவுகளுக்குள் பிரேக் சூடேறிப் புகைந்து, மிதித்தால் பஞ்சுபோல உள்ளே போனது. பள்ளம் ஒரு பக்கம், மலை ஒரு பக்கம். மாயவன் மலைப் பக்கம் ஒடித்தார். ஜீப்பின் முகம் மண்ணில் புதைந்து நின்றது. "சாமைதான் கொட்டிச்சி" என்று முடித்தார். கூட நின்ற அக்கா அப்போது கடையில் தொங்கிய பம்பு ஒன்றைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வந்தது ஒரு புதன்கிழமையைப் பற்றி.

அன்று அவர் பஸ்ஸில் தனியாக வந்தார். முந்தின நாள் ஆயில் சீல் கிழிந்து கியர் பாக்ஸில் இருந்த அத்தனையும் வழியிலேயே ஒழுகிவிட்டது. சீலை மாற்றியாகிவிட்டது. ஆயில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மேல் நட்டு மறுபடியும் மழுங்கியிருந்தது. போன மாதம் மாயவன் யாரோ ஒருவரைப் பிடித்துப் பைப் ரெஞ்சால் இறுக்கியதன் பலன். பம்பும் பழுது. விடிந்தால் வியாழன். அக்கா பெரிப்பா என்று கூப்பிடும் பக்கத்துக் கொல்லைக்காரர், சிறுநீரகம் கெட்டுப்போன வேடியப்பனுக்கு வாரம் இரண்டு முறை இங்கே பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். முதல் பஸ் இறங்கி வருவதற்குள் அவர் முறை போய்விடும். முகூர்த்த நாள், மற்ற ஜீப்புகளெல்லாம் கல்யாண டிரிப். "பெரிப்பாவுக்கு காலு ரெண்டும் வீங்கிக்கினு கெடக்குது தம்பி" என்றார். ஒரு தடவை தப்பினால் அடுத்ததற்கு அவர் தாங்குவாரா என்று ஆஸ்பத்திரியிலேயே சந்தேகப்பட்டிருந்தார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கோணிப்பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தார். தண்ணீரில் தேன்மெழுகு உருண்டை ஒன்று மிதந்தது. நட்டின் தலையில் அதை அழுத்தி எடுத்திருக்கிறார். சமவெளி வெயிலில் உருகாமல் இருக்கத் தண்ணீர். மெழுகில் ஆறு மூலைகள், இரண்டு நன்றாகவும் நான்கு தேய்ந்தும், சின்னக் கிண்ணம்போலப் பதிந்திருந்தன. கண்ணால் ஒருபோதும் பார்க்க முடியாத ஒன்றின் முகத்தை அவர் ஈரத்தோடு கொண்டுவந்திருந்தார்.

மாமா நல்ல ரிங் ஸ்பேனர்களாக எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றின் வாயையும் மெழுகுப் பள்ளத்தின்மேல் வைத்துப் பார்த்து அக்கா தள்ளினார். பன்னிரண்டு பல் உள்ளவை தேய்ந்த மூலையில் வழுக்கும், ஆறு பட்டை உள்ளதுதான் பட்டையோடு பட்டையாகப் பிடிக்கும் என்றார். அந்த அளவில் ஆறு பட்டை எங்களிடம் நீளக் காம்பின் நுனியில் குறுக்குப் பிடி வைத்த டி ஸ்பேனரில் மட்டும் இருந்தது. எண்ணெய்க் கையோடு அதை வாங்கித் தரையில் படுத்தார். பெஞ்சு சட்டத்துக்குப் பின்னால் காம்பு இடித்தது. படுத்தபடியே காம்பில் எந்த இடம் இடிக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார்.

அப்போதுதான் மாயவன் போன் செய்தார். வெள்ளிமலை பஸ் கிளம்பும் நேரம், எதையாவது ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறச் சொல்லிக் கத்தியது எங்களுக்கும் கேட்டது.

"எதுனா ஒண்ணாலதான்யா இந்த கதி. நீ போய் பெரிப்பா வூட்ல தைரியம் சொல்லு" என்று போனை வைத்தார்.

பிறகு அந்தப் புது ஸ்பேனரோடு பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். காம்பை வெட்டிவிட்டு, குறுக்குப் பிடியைக் கிட்டத்தில் வைத்துப் பற்றவைக்கச் சொன்னார். வெல்டர் கொளஞ்சியப்பன் ஸ்பேனரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். புதுசை வெட்டினால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களே என்று கேட்டார். "எடுக்க வாணாம். எனக்குத்தான் வேணும்."

பற்றவைத்து முடித்தபோது சாலை முனையில் பஸ் ஹாரன் கேட்டது. பழக்கத்தில் கொளஞ்சியப்பன் சிவந்த ஸ்பேனரை இடுக்கியால் தூக்கித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுபோனார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணில போடாதண்ணா. வெடுக்குனு ஆறுனா வெடுக்குனு ஒடையும். தானா ஆறட்டும்."

"பஸ் போய்டும்மா."

"போவட்டும்."

ஸ்பேனரைச் சாம்பலுக்குள் புதைத்து வைத்தார்கள். அக்கா அதன் எதிரில் குந்தினார். வெள்ளிமலை பஸ் பட்டறை வாசலைக் கடந்து போயிற்று. ஜன்னலில் யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. பொறுமை என்பதை நான் அதுவரை ஒரு மென்மையான சொல்லாகத்தான் வைத்திருந்தேன். ஒரு மனிதரின் வீங்கிய கால்கள் மேலே காத்திருக்கும்போது சாம்பலின் முன் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு முரட்டுத்தனம் வேண்டும் என்று அங்கே நின்று பார்த்தேன். ஒரே ஒருமுறை புறங்கையைச் சாம்பலின் மேல் காட்டி, இன்னும் இல்லை என்பதுபோல எடுத்துக்கொண்டார்.

கையில் பிடிக்கிற சூட்டுக்கு வந்ததும் பட்டறை மேசையில் பூட்டிய வைஸில் ஒரு பெரிய நட்டை இறுக்கி, ஸ்பேனரை மாட்டி, குறுக்குப் பிடியின்மேல் ஏறி நின்றார். பற்றவைத்த இடம் அசையவில்லை. இறங்கி, எங்கள் கடைக்கு வந்து மறுபடியும் தரையில் படுத்து, கண்ணை மூடி, சட்டத்துக்குப் பின்னால் திருப்பிப் பார்த்தார். கை முழு வட்டம் போயிற்று. வந்ததுமே முடிச்சுப் போட்டு வைத்திருந்த குழாய்களில் வெள்ளைக் கோடு விழாத ஒன்றையும், தோல் வாஷர் பம்பையும், தொண்ணூறு நம்பர் ஆயில் டப்பாவையும் கோணிப்பையில் போட்டுக்கொண்டு, கச்சிராயப்பாளையம் வரை ஒரு டவுன் பஸ்ஸில் ஏறினார். அங்கிருந்து மேலே போக வண்டி ஏதாவது கிடைக்கும் என்று கையசைத்தார். கிடைக்குமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தேன். மலைப் பக்கமிருந்து ஜீப் வந்து டீக்கடை எதிரே நின்றது. மாயவன் இறங்கி ஒரு டீயை நின்றபடியே வாயில் ஊற்றிக்கொண்டு, மரவள்ளி ஏற்றப் போன காலி லாரியில் தொற்றிக்கொண்டு இவள் வந்து சேர்ந்ததையும், முதல் திருப்பலிலேயே நட்டு திறந்ததையும் டீக்கடைக்காரரிடம், தானே திறந்ததுபோலச் சொன்னார். அக்கா முன் சீட்டின் ஓரத்தில் இருந்தார். ரவிக்கையின் முதுகு முழுக்கச் செம்மண். அவருக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே, கியர் தண்டுக்கு எதிரில், போர்வை சுற்றிய வேடியப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்திக் கயிறுபோலப் புடைத்த அவர் இடது கை போர்வையிலிருந்து நழுவிக் கியர் தண்டின்மேல் சாய்ந்து கிடந்தது.

மாயவன் ஏறி இஞ்சினைக் கிளப்பினார். அவர் கை தண்டுக்கு வருவதற்குள் அக்கா குனிந்து, வேடியப்பனின் கையை இரண்டு கைகளாலும் ஏந்தி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கியரைப் போடு என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.